சிறுநீரகம் விற்பனைப் பொருள் அல்ல: கொடையாளரைக் காக்கும் சட்ட நெறிகள்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையால் பயன்பெறுபவர் நோயாளி. ஆனால், அதற்காக அறுவை சிகிச்சையின் அபாயத்தை ஏற்பவர் நல்ல உடல்நலத்துடன் உள்ள மற்றொருவர். எனவே, கொடையாளரின் சம்மதம் உண்மையிலேயே அவருடையதுதானா என்பதே இங்கு முதன்மையான அறநெறிக் கேள்வியாகிறது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும், அதன் 2011-ஆம் ஆண்டு திருத்தமும், 2014-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கான வரம்புகளை வகுத்துள்ளன.

யார் வழங்கலாம்?

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை ஆகியோர் நெருங்கிய உறவினர்களாகக் கருதப்படுகின்றனர். தாத்தா, பாட்டி, பேரக்குழந்தைகள் 2011-ஆம் ஆண்டு திருத்தத்தின் மூலம் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். பிறர் அன்பின் காரணமாக வழங்க முன்வந்தால், அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி கட்டாயம்.

குழு எவற்றை ஆராயும்?

கொடையாளருக்கும் நோயாளிக்கும் உள்ள தொடர்பு, இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய புகைப்படங்கள், முந்தைய 3 நிதியாண்டுகளின் வருமானச் சான்றுகள் ஆகியவை பரிசீலிக்கப்படும். இருவரின் பொருளாதார நிலையில் பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தால், பணப் பரிமாற்றமோ இடைத்தரகரோ பின்னணியில் உள்ளதா என்று குழு ஆராய வேண்டும்.

குடும்பத்துக்குள்ளும் அழுத்தம் எழக்கூடும். ஆகவே, கொடையாளர் பெண்ணாக இருப்பின் கூடுதல் கவனம் தேவை என விதிகள் கூறுகின்றன. அவரது சுதந்திரமான சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும்.

தண்டனை என்ன?

உறுப்புக்காகப் பணம் கொடுப்பது, பெறுவது, ஆள் தேடித் தருவது, விளம்பரம் செய்வது ஆகியவை குற்றங்களாகும். இவற்றுக்கு 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், ரூ.20 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

ஆராய்ச்சியிலும் இதே நெறி

டயாலிசிஸ் பெறுவோர் தொடர்ந்து மருத்துவமனையைச் சார்ந்திருப்பவர்கள். அங்கேயே நடைபெறும் ஆய்வில் பங்கேற்க மறுத்தால் சிகிச்சை பாதிக்கப்படுமோ என அவர்கள் அஞ்சக்கூடும். பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் அவரது சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் நிலைப்பாடு.

கொடையாளருக்கும் இவ்வுரிமை உண்டு. படிவத்தில் கையெழுத்திட்ட பின்னரும், அறுவை சிகிச்சை தொடங்கும் வரை அவர் தமது சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.