ஒடியல் மாவும் ஆய்வுகூடமும்

நெடுந்தீவில் எங்கள் வீட்டு அடுக்களையில் ஒடியல் மாவை யாரும் அப்படியே அடுப்பில் ஏற்றியதில்லை. அம்மம்மா முதலில் மாவைத் தண்ணீரில் கரைத்து வைப்பா. மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர் விடுவா. "கசப்புப் போகவேணும்" என்பா. குறிகட்டுவானிலிருந்து படகு வராத போர் நாட்களில், கோதுமை மா தீர்ந்த வீடுகளில் பிட்டும் கூழும் இந்த மாவில்தான். அந்தக் கசப்பை விஞ்ஞானிகளும் துருவியிருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது.

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், ஆய்வுகளில் சிக்கியது நெருப்பைக் காணாத ஒடியல்தான்.

1971இல் பேராதனையைச் சேர்ந்த எஸ். என். அர்சகுலரத்னவும் சகாக்களும் ஒடியல் மா தின்ற எலிகளில் நச்சு விளைவுகளைக் கண்டு எழுதினார்கள். எலிகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பொருள் பற்றிய ஆய்வு 1980இல் வந்தது. 1981இல் வெளியான ஆய்வு மரபியல் பக்கம் போனது: மாவின் நீர்ச்சாறு மனித இரத்த வெள்ளணுக்களின் நிறமூர்த்தங்களை முறிக்கிறது என்றது. 1985இல் பக்டீரியாப் பரிசோதனை. ஒரு குறித்த அமினோ அமிலத்தைத் தானே உண்டாக்க முடியாத பக்டீரியாவை எடுத்து, அந்த அமிலம் இல்லாத தட்டில் வளர்ப்பார்கள். சேர்த்த பொருள் மரபணுவை மாற்றினால் சில பக்டீரியா இழந்த திறனைப் பெற்று வளர்ந்துவிடும். எத்தனை வளர்ந்தன என்று எண்ணிப் பார்ப்பதே சோதனை. உணவுச் சேர்க்கைகளையும் மருந்துகளையும் உலகெங்கும் இப்படித்தான் முதலில் வடிகட்டுகிறார்கள்.

எலிக்கு நேர்ந்தது அப்படியே எங்களுக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. பயந்து கூழைக் கைவிடச் சொல்லவும் நான் வரவில்லை.

ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஈ. ஆர். ஜான்ஸ் குழுவினர் பனையின் கசப்புப் பொருள்களான பிளாபெலிஃபெரின்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். எங்களுக்கு மிகவும் உதவுவது அவர்களின் 2004 ஆய்வு: மாவை 80 பாகை செல்சியசில் 45 நிமிடம் சூடாக்கினால் நரம்பைத் தாக்கும் விளைவு நீங்குகிறது. இது நரம்பு நச்சுக்கான முடிவு மட்டுமே. நிறமூர்த்தக் கேள்விக்கு இதைப் பதிலாக எடுக்கக்கூடாது. கசப்புப் போய்விட்டதால் நச்சும் போய்விட்டது என்றும் எண்ணக்கூடாது.

எங்கள் சமையலை நினைத்துப் பாருங்கள். கூழுக்கு மாவைக் கடைசியில்தான் கரைத்து விடுகிறோம், தடித்ததும் இறக்கிவிடுகிறோம். பிட்டும் அவ்வளவு நேரம் அவிவதில்லை. 45 நிமிடம் எங்கே?

பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவானது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒடியல் மா இன்று கனடா, லண்டன் கடைகள்வரை போகிறது. அங்கே பிறந்த பிள்ளைக்கு ஊறவைத்து வடிக்கச் சொல்லிக்கொடுக்க அம்மம்மா பக்கத்தில் இல்லை. பொதி செய்யுமுன் மாவைச் சூடாக்குவதும், சூடாக்கியதா இல்லையா என்பதைப் பொதியில் தமிழில் எழுதுவதும் பெரிய செலவுள்ள வேலைகள் அல்ல.

நான் இப்போது வடித்த மாவைக் கூழில் விட்டபின் முக்கால் மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் வைக்கிறேன். அடிப்பிடிக்காமல் துழாவ வேண்டும், இடையிடையே தண்ணீரும் விடவேண்டும். இறால் அதிகம் வெந்து இறுகிவிடுவதால், அதை இறக்குவதற்குச் சற்று முன்தான் போடுகிறேன்.