எங்கள் தெருச் சாக்கடை எங்கே போகிறது?

மேரிலாந்து வந்து பல வருஷம் ஆச்சு. செசபீக் விரிகுடாவுக்குள் எவ்வளவு நைட்ரஜன், எவ்வளவு பாஸ்பரஸ் வந்து சேர்கிறது என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. போன மாதம் ஓசூர் அத்தை போனில், "கெலவரப்பள்ளி அணையிலே மறுபடி நுரைடா. எல்லாம் உங்க ஊர்த் தண்ணிதான்" என்றார். சுருக்கென்றது. அவர் சொன்னது சரி.

எங்கள் ஊர் பிரேசர் டவுன். 1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. அதற்குப் பிறகு, நெரிசலான கன்டோன்மென்ட் வீதிகளிலிருந்து மக்களை நகர்த்த உருவான பேட்டைகளில் ஒன்று. ரெசிடென்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். அழுக்கு வீட்டை விட்டு வெளியேறினால் போதும், அதுதான் அன்றைய சுகாதாரம். எங்கே போகும் என்பது அப்புறம் வந்த கேள்வி.

போகிற வழி இதுதான்: அல்சூர் ஏரி, சல்லகட்டா பள்ளத்தாக்கு, பெல்லந்தூர், வர்த்தூர், தென்பெண்ணை, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர்க் கடல்.

எங்கள் தொழிலின் ஆரம்பம் 1925. ஓஹியோ ஆற்றில் கழிவு கலந்தால் ஆக்சிஜன் எப்படிக் குறைந்து, எப்படி மீளும் என்று ஸ்ட்ரீட்டரும் பெல்ப்ஸும் சமன்பாடு எழுதினார்கள். 1973-ல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாக்கினார்கள். இரு பக்கமும் கார்பன், நைட்ரஜன். ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸ். அந்தப் பக்கம்தான் பச்சையாகப் பாசி பிடித்தது.

பெல்லந்தூரில் நடந்ததும் இதன் பெரிய அண்ணன். கழிவுநீரின் பாஸ்பரஸ் ஆகாயத்தாமரையை வளர்த்தது, சோப்பு நுரையைக் கிளப்பியது. 2015, 2017, 2018-ல் ஏரியில் தீயே பிடித்தது.

செசபீக்கில் தண்ணீர் வரும் ஆறு மாநிலங்களுக்கும் வாஷிங்டனுக்கும் 2010-ல் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு பிரித்தார்கள். 2025 கெடு முழுதாக நிறைவேறவில்லை, உண்மைதான். ஆனால் யார் பங்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

கணினி மாதிரிக்கு மாநில எல்லை தெரியாது, சரிவு மட்டும்தான் தெரியும். தென்பெண்ணைக்கும் ஒன்று போட ஆரம்பித்திருக்கிறேன், ராத்திரி வேலையாக. முதல் வரியில் எங்கள் தெரு. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அத்தையின் வாய்க்கால்.