ரெபெக்கா ஊதா: ஒரு நிறப் பெயரின் வரலாறு

கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ என்றெல்லாம் நிறங்களுக்குப் பெயர் சொல்கிறோம். எண்ணைச் சொல்லி யாரும் புடவை கேட்பதில்லை. கண்டு பழகிய பொருளின் பெயரே நிறத்திற்கும் பெயராக நிலைத்துவிடுகிறது. கணிப்பொறியோ எண்களை மட்டுமே அறிந்த கருவி. ஆயினும் இணையப் பக்கங்களை ஆக்குவோரின் வசதிக்காக அதற்கும் ஒரு நிறப் பெயர்ப் பட்டியல் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இன்று 148 பெயர்கள் உள்ளன. தக்காளி, சாக்லெட், பவளம், வான நீலம் ஆகிய பெயர்களுக்கு நடுவே இரண்டு பெண்களின் பெயர்களையும் நீங்கள் காணலாம். ஒன்று ‘ஆலிஸ் நீலம்’. மற்றொன்று ‘ரெபெக்கா ஊதா’.

ஆலிஸ், 1901 முதல் 1909 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகள். அவர் விரும்பி உடுத்திய வெளிர்நீலம் அந்நாட்டுப் பெண்களிடையே பெரிதும் பரவி, அவர் பெயரையே பெற்றது. ரெபெக்கா, இணையப் பக்கங்களை ஆக்கும் கலையில் வல்லவரான எரிக் மேயர் என்பவரின் மகள். தன் ஆறாவது பிறந்த நாளன்றே மறைந்துபோன சிறுமி. அவள் பெயர் உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளைச் சென்றடைந்தது எவ்வாறு? அதை அறிய, திரையில் நிறம் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிறமும் எண்ணும்

கணிப்பொறித் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவையே. ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. எனவே 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன.

இந்த அளவுகளைப் பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் எழுதுவது வழக்கம். 663399 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இதை இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்தால் 66, 33, 99 என்று வரும். முதல் இலக்கத்தைப் பதினாறால் பெருக்கி, இரண்டாம் இலக்கத்தைக் கூட்டினால் நாம் பழகிய எண் கிடைத்துவிடும். சிவப்பு 102, பச்சை 51, நீலம் 153. நீலம் மிகுந்து, சிவப்பு அடுத்து நின்று, பச்சை குறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவது ஆழ்ந்த ஊதா.

1990-களில் பல கணிப்பொறிகளால் ஒரே நேரத்தில் 256 நிறங்களை மட்டுமே காட்ட முடிந்தது. அவற்றுள்ளும் வெவ்வேறு வகைக் கணிப்பொறிகளில் மாறாமல் தோன்றும் என்று நம்பத்தக்கவை 216 தாம். ஒவ்வோர் ஒளிக்கும் 0, 51, 102, 153, 204, 255 என்ற ஆறு படிகளை மட்டும் எடுத்தால் 6 × 6 × 6 = 216 ஆகிறதல்லவா? நமது 663399-உம் இந்த 216-இல் ஒன்று.

ஒப்பனைக்கு ஒரு மொழி

சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, ஒரு பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி என்று சொல்லுமே தவிர, அது எந்த நிறத்தில், எந்த அளவில் தோன்ற வேண்டும் என்று சொல்வதற்காக அமைந்ததன்று. பொருள் வேறு, ஒப்பனை வேறு என்று பிரித்து, ஒப்பனைக்கெனத் தனி விதிமொழி வேண்டும் என்று நார்வே நாட்டவரான ஹோக்கன் வியூம் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்தார். ஹாலந்து நாட்டவரான பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். இவர்களது முயற்சியால் பிறந்த சி.எஸ்.எஸ். என்னும் விதிமொழியின் முதற்பகுதி 1996 டிசம்பரில் அதிகாரபூர்வமாக வெளியாயிற்று.

விதி வகுப்பது எளிது. அதை எல்லோரும் ஒரே பொருளில் நடத்துவதுதான் அரிது. வலைப்பக்கத்தை நமக்குக் காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். அந்நாளில் நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகிய இரு உலாவிகள் கடும் போட்டியில் இருந்தன. ஒரே விதியை ஒன்று ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் பொருள்கொண்டன. எடுத்துக்காட்டாக, ஒரு கட்டத்தின் அகலம் 200 புள்ளிகள், உள்ளே இருபுறமும் 20 புள்ளிகள் இடைவெளி என்று எழுதினால், விதிப்படி மொத்த அகலம் 240. விண்டோசில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 என்ற பதிப்போ, இடைவெளியையும் உள்ளடக்கி மொத்தமே 200 என்று கொண்டது. ஓர் உலாவியில் ஒழுங்காக நின்ற பக்கம் இன்னொன்றில் கலைந்துபோனது.

வரலாற்று மாணவர் செய்த சோதனைகள்

இந்தக் குழப்பத்தின் நடுவே வந்தவர்தாம் எரிக் மேயர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது வரலாறு. பின்னர் அங்கேயே பல்கலைக்கழகத்தின் வலைப்பக்கங்களைக் கவனிக்கும் பணியில் அமர்ந்தார். எந்த உலாவி எந்த விதியை ஏற்கிறது என்று அறிய, விதிக்கு ஒன்றாகச் சிறுசிறு சோதனைப் பக்கங்களை அவர் எழுதினார். அந்த முயற்சி வளர்ந்து, சி.எஸ்.எஸ். விதிகளுக்கான அதிகாரபூர்வ சோதனைத் தொகுதி உருவாவதில் முக்கியப் பங்கு பெற்றது. 2000-இல் அவர் எழுதிய சி.எஸ்.எஸ். கையேடு இத்துறையினருக்குப் பாடநூல் போலாயிற்று.

அவருடைய சோதனைகளில் விளையாட்டும் உண்டு. ஒரே படத்தை வெவ்வேறு சாயல்களில் தயாரித்து, அவற்றைத் திரையோடு அசையாமல் பொருத்தி, மேலுள்ள எழுத்துக் கட்டம் மட்டும் நகருமாறு செய்தார். பார்ப்பவர்க்கு அது தேய்த்த கண்ணாடி வழியே சுருள் வடிவம் ஒன்று தெரிவது போல் தோன்றியது. உண்மையில் ஒளி ஊடுருவும் பொருள் எதுவும் அங்கில்லை. விதிகளின் நுட்பம் மட்டுமே இருந்தது. இவ்வாறே ஒரு படத்தைப் பல துண்டுகளாக்கி அடுக்கி, எழுத்துகள் வளைவை ஒட்டி ஓடும்படியும் செய்து காட்டினார். இவற்றைக் கண்ட பிறகே பலர் இம்மொழியின் ஆற்றலை உணர்ந்தனர் எனலாம்.

ஆறு வயது

2013 ஆகஸ்டில் மேயரின் இளைய மகள் ரெபெக்காவுக்கு மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் அவளைக் காக்கவில்லை. 2014 ஜூன் 7 அன்று, தன் ஆறாவது பிறந்த நாளில், அவள் உயிர் நீத்தாள்.

மேயரை அறிந்த தொழில்துறையினர் தம் துயரத்தைத் தமக்குத் தெரிந்த மொழியில் சொல்ல விரும்பினர். சிறுமிக்குப் பிடித்த நிறம் ஊதா. எனவே 663399 என்ற நிறத்துக்கு அவள் பெயரைச் சூட்டி, சி.எஸ்.எஸ். பட்டியலில் நிலையாகச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. முதலில் பேசப்பட்ட பெயர் ‘பெக்கா ஊதா’. வீட்டில் அவளை அழைத்த செல்லப் பெயர் அதுவே. மேயர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். பெக்கா என்பது குழந்தைப் பெயர் என்றும், ஆறு வயது ஆனதும் தன்னை எல்லோரும் ரெபெக்கா என்றே அழைக்க வேண்டும் என்றும் மறைவதற்குச் சில வாரங்கள் முன்பு அவள் சொல்லியிருந்தாள். ஆறு வயதை அவள் எட்டிவிட்டாள். ஏறத்தாழ 12 மணி நேரம் ஆறு வயதுச் சிறுமியாக வாழ்ந்தாள். ஆகவே பெயர் ‘ரெபெக்கா ஊதா’ என்றே இருக்கட்டும் என்றார் தந்தை.

அதே ஜூன் மாதம் விதிக்குழு அதை ஏற்றது. அதுவரை 147 ஆக இருந்த பெயர்கள் 148 ஆயின. 2014 அக்டோபரில் வெளிவந்த பயர்பாக்ஸ், குரோம் பதிப்புகள் இப்பெயரை அறிந்திருந்தன. இப்போது வழக்கிலுள்ள உலாவிகள் யாவும் இதை அறியும்.

இரக்கமற்ற கணக்கு

அந்த ஆண்டின் இறுதியில் மேயருக்கு வேறோர் அனுபவம் நேர்ந்தது. முகநூல் நிறுவனம், பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் கடந்த ஆண்டின் நினைவுத் தொகுப்பைத் தானாகவே தயாரித்துக் காட்டியது. அதிகக் கவனம் பெற்ற படத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் ஆடிப்பாடும் உருவங்களை வரைவது அதன் வழி. மேயருக்கு அது காட்டியது மறைந்த மகளின் முகத்தை.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல அது. இனிய ஆண்டைக் கழித்தவர்களை மட்டும் மனத்தில் கொண்டு அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. மேயர் இதைப் பற்றி எழுதியபோது, நிரல் சிந்திப்பதில்லை, ஆகவே அதை எழுதுவோர்தாம் முன்கூட்டிச் சிந்திக்க வேண்டும் என்று விளக்கினார். அவர் சொன்ன மாற்று மிக எளியது: படத்தைக் காட்டும் முன் ‘பார்க்க விருப்பமா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பொறுப்பிலிருந்தவர் அவரிடம் வருத்தம் தெரிவித்தார். சாரா வாக்டர் போட்சர் என்பவருடன் சேர்ந்து, துன்பத்தில் இருப்போரையும் கருதி மென்பொருளை வடிவமைப்பது பற்றி 2016-இல் மேயர் ஒரு நூல் வெளியிட்டார்.

இளம் வாசகர்களே, இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறப் பெயரைத் தந்ததும் கணிப்பொறியன்று. புண்ணைக் கிளறியதும் கணிப்பொறியன்று. ஒன்றில் மனிதர்கள் இன்னொரு மனிதரின் நிலையை எண்ணிப் பார்த்தார்கள். மற்றொன்றில் எண்ண மறந்தார்கள். வேறுபாடு அவ்வளவே. நாளை உங்களில் சிலர் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ வங்கிக்கோ நிரல் எழுதக்கூடும். எழுதிய நிரல் ஓடுகிறதா என்று சோதிப்பதோடு, அதன் முன் யார் யார் எந்த மனநிலையில் வந்து உட்காரக்கூடும் என்பதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்புக் கிடைக்கும்போது ஒரு வெற்று வலைப்பக்கத்தின் பின்னணி நிறமாக, ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றி, ரெபெக்கா ஊதா என்று எழுதிப் பாருங்கள். சிவப்பு 102, பச்சை 51, நீலம் 153 என்ற அளவில் திரை கத்தரிப்பூப் போல ஒளிரும்.