பிரிட்டனியின் அலமாரிக் கட்டில்

பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனிப் பண்ணை வீடுகளில், 19-ஆம் நூற்றாண்டிலும் கட்டிலே ஒரு குட்டி அறையாக இருந்தது. 'லீ குளோ' எனப்படும் அது, ஓக் அல்லது செஸ்ட்நட் மரத்தால் நாற்புறமும் அடைத்த பெட்டி. முன்புறம் இழுத்து மூடும் கதவு. குடும்பம் முழுவதும் ஒரே கூடத்தில் வாழ்ந்ததால், குளிருக்கு அடக்கமும் சற்றுத் தனிமையும் அதற்குள்தான் கிடைத்தன. கதவின் மேற்பகுதியில் கடைந்த சிறு மரக்குச்சிகளை வரிசையாகப் பொருத்திக் காற்றுக்கு வழிவிட்டார்கள். பல கதவுகளின் நடுவே இயேசுவின் பெயர்க்குறி. தச்சரின் கைத்திறன் முழுதும் அங்கேதான் தெரியும். முன்னால் கிடக்கும் நீண்ட பெட்டிப் பலகை ஏறும் படியாகவும், இருக்கையாகவும், துணிப் பெட்டியாகவும் உதவியது. மெத்தைக்குள் ஓட்ஸ் உமி.

தனிப் படுக்கையறைகள் பெருகவே 20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கட்டில் வழக்கொழிந்தது. பல முகப்புகள் புத்தக அலமாரிகளாகவும் தொலைக்காட்சி வைக்கும் அலமாரிகளாகவும் மாறின. அழகு மிஞ்சியது, கட்டில் போய்விட்டது. முழு உருவில் பார்க்கப் பெரும்பாலும் அருங்காட்சியகங்களுக்குத்தான் போகவேண்டும்.