உணவு மேசையில் ஒரு பனிக்காடு

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று இரவு, திருப்பூரில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் நம்மை விருந்துக்கு அழைத்திருந்தனர். அவர்களுடைய உணவு மேசையைக் கண்டதும் ஒரு கணம் நின்றுவிட்டோம். நடுவே வெண்பஞ்சை விரித்துப் பனியாக்கியிருந்தனர். அதன்மேல் சவுக்குக் கிளைகள், கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த பைன் மரக் காய்கள், மரத்தில் செய்த இரு மான்கள், ஓர் ஆந்தை, இவற்றுக்கிடையே எரியும் மெழுகுவர்த்திகள். மேசை விரிப்பிலும் ஊசியிலை மரங்களும் மான்களுமே அச்சிடப்பட்டிருந்தன. கரூரில் ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு, சிறு குறையால் கழிக்கப்பட்ட விரிப்பு அது என்றார் இல்லத்தலைவி.

செபம் சொல்லி அமர்ந்ததும், அவ்வீட்டுச் சிறுமி நம்மைப் பார்த்து, "ஃபாதர், இயேசு பாலன் பிறந்தப்போ பெத்லகேம்ல இந்த மாதிரி பனிக்காடு இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். "இல்லை, அம்மா" என்றோம். "அப்புறம் இந்தக் காடு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றாள். எல்லாரும் சிரித்தனர், நாமும் சிரித்து, பேச்சை மாற்றிவிட்டோம். ஆனால் அக்கேள்வி நம்மை விட்டபாடில்லை. அன்று சொல்லாத விடையை இங்கே சொல்ல முயல்கிறோம்.

நற்செய்தியாளர் லூக்கா பனியைப் பற்றியோ காட்டைப் பற்றியோ ஒன்றும் கூறவில்லை. விடுதியில் இடம் கிடைக்காத ஒரு குடும்பம், இரவில் ஆடுகளைக் காவல் காத்த இடையர்கள், துணிகளில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட ஒரு குழந்தை ஆகியோரையே அவர் நமக்குக் காட்டுகிறார். பிறந்த நாளையும் அவர் குறிப்பிடவில்லை. 336ஆம் ஆண்டளவில் உரோமையில் டிசம்பர் 25ஆம் நாள் இவ்விழா கொண்டாடப்பட்டதை, 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு நாட்காட்டித் தொகுப்பால் அறிகிறோம். வட ஐரோப்பாவுக்கு நற்செய்தி பரவியபோது, இவ்விழா அம்மக்களின் கடுங்குளிர்க் காலத்தில் வந்து அமைந்தது. எல்லா மரங்களும் இலையுதிர்த்து நிற்கும் அக்காலத்தில், பசுமை மாறாத ஊசியிலை மரம் அவர்களுக்குச் சாவாத வாழ்வின் அடையாளமாயிற்று.

ஆயினும் விழாவுக்கு முதலில் கண்கண்ட உருவம் கொடுத்தவர் காட்டை நாடவில்லை. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு குகையில் வைக்கோலைப் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் திருப்பலி நடைபெறச் செய்தார். அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா மற்றொன்றையும் குறித்துள்ளார். அத்திருநாளில் செல்வர்கள் ஏழைகளை வயிறார உண்பிக்க வேண்டும் என்றும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிட மிகுதியாகத் தீவனம் இடவேண்டும் என்றும் புனிதர் விரும்பினாராம். ஆக, முதல் குடிலின் அழகு பசியாற்றுதலோடு பிணைந்தே பிறந்தது.

மரம் இல்லத்தினுள் வந்த கதை, இன்று பிரான்சில் உள்ள அல்சாஸ் பகுதியில் தொடங்குகிறது. செலஸ்டா நகரின் 1521ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், விழாவுக்கான மரங்களைக் காத்த வனக்காவலர்க்குக் கொடுத்த கூலி பதிவாகியுள்ளது. 1605ஆம் ஆண்டளவில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தார் தம் வீட்டுக் கூடங்களில் மரம் நிறுத்தி, வண்ணத்தாள் ரோசாக்களையும் ஆப்பிள்களையும் மெல்லிய அப்பங்களையும் அதில் தொங்கவிட்டனர். டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நினைவு நாள். அந்நாளில் நடிக்கப்பட்ட ஏதேன் நாடகத்தில் கனி தொங்கும் மரமொன்று மேடையில் நிற்கும். கனியோடு அப்பமும் தொங்கியதில் ஆழ்ந்த இறையியல் உண்டு: வீழ்ச்சி வந்த மரத்திலேயே மீட்பின் உணவும் காய்க்கிறது.

அம்மரக் கிளைகள் மெழுகுவர்த்தியோடு சேர்ந்த வரலாறு ஏழைச் சிறுவரிடையே பிறந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் நடத்திய லூத்தரன் திருச்சபைப் போதகர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன், 'விழா எப்போது?' என்று நாள்தோறும் கேட்ட அப்பிள்ளைகளுக்காக, 1839ஆம் ஆண்டு ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகள், ஏனைய நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். பின்னர் அச்சக்கரத்தைப் பசுங்கிளைகள் சூழ்ந்தன. இன்று நம் பலிபீடத்தருகே வைக்கும் திருவருகைக் கால வளையம் அதன் வழிவந்ததே.

இக்காட்டை மேசைமேல் ஏற்றி உலகெங்கும் அனுப்பியது இங்கிலாந்து. 1848ஆம் ஆண்டு டிசம்பரில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழ் வெளியிட்ட ஒரு படத்தில், விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் பிள்ளைகளும் மேசைமேல் நிற்கும் மரமொன்றைச் சூழ்ந்து நிற்கின்றனர். அரசகுடும்பத்தின் வழக்கம் விரைவில் நடுத்தர இல்லங்களுக்கும் பரவியது. ஆங்கிலேயரோடு நம் நாட்டுக்கும் வந்தது.

இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர் வெளியான மற்றொரு படம் நம்மை இன்னும் ஆழ்ந்து சிந்திக்க வைக்கிறது. 1843ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு வாழ்த்தட்டை வரையச் செய்து, ஆயிரம் படிகள் அச்சிட்டார். அச்சில் வணிகத்துக்கு வந்த முதல் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அதுவே என்பர். அதன் நடுவில் ஒரு குடும்பம் விருந்து மேசையைச் சூழ்ந்துள்ளது. மரக்கொம்பும் கொடியும் பின்னிய சட்டம் படத்தை மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு புறம் பசித்தோர்க்கு உணவளிக்கின்றனர். மறு புறம் ஆடையற்றோர்க்கு ஆடை உடுத்துகின்றனர். பின்வந்த அட்டைகள் பலவற்றில் பனியும் மரமும் பறவையும் நிறைந்தன. அந்த இரு பக்கங்களும் மறைந்தன. நடுவில் இருந்த மேசை மட்டும் தங்கிவிட்டது.

நம் தமிழ் மரபு இவ்விழாவின் நிலத்தை வேறு விதமாகக் கண்டது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், 1726ஆம் ஆண்டு புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு தேம்பாவணி பாடினார். குளிர்காலம் அறிந்த நாட்டிலிருந்து வந்தவர் அவர். எனினும், யூதேயாவைத் தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையும் ஆறும் நெல்வயலும் தாமரைப் பொய்கையும் உடைய நாடாகவே வருணித்தார். வார்த்தை மனிதரானார் என்றால் ஒவ்வொரு மண்ணிலும் குடிகொள்ள வந்தார் என்பது பொருள். ஜெர்மானியர் தம் காட்டில் அவரைக் கண்டனர். முனிவர் நம் வயலில் கண்டார். இரண்டும் ஏற்கத்தக்கவையே.

அப்படியானால் திருப்பூர் மண்ணில் அவரை எங்கே காண்பது? 1925ஆம் ஆண்டளவில் இங்கே பனியன் தொழில் தோன்றியது. 1970களின் இறுதியில், குடில் பிறந்த அதே இத்தாலியிலிருந்து வணிகர் வந்தபின் ஏற்றுமதி தழைத்தது. அவர்கள் டிசம்பரில் உடுத்தும் தடித்த ஆடைகளை நம்மவர் பல மாதங்களுக்கு முன்னரே, வெயில் காயும் கூரைகளின்கீழ் தைத்து முடிக்கின்றனர். பனியையே காணாத கைகள் பனிமான் பதித்த துணியில் பிசிறு வெட்டுகின்றன. அத்துணிகளின் பச்சையும் சிவப்பும் பல்லாண்டுகள் சாயக் கழிவாக நொய்யலில் கலந்தன; 2011ஆம் ஆண்டு சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு ஆறு நஞ்சாயிற்று. கழிவுநீரை முழுதும் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு தொழில் பின்னர் மீண்டும் எழுந்தது. ஆற்றோரத்து உழவர் நிலங்கள் பட்ட புண் எளிதில் ஆறுவதன்று. அழகிய மேசை எதற்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு.

இனி நாம் சொல்லக் கூசுவதையும் சொல்லியாக வேண்டும். அந்த விருந்து முடிந்து திரும்புகையில், வாடகை அறைகள் வரிசையாயிருக்கும் ஒரு சந்தில் மூன்று இளைஞர்களைக் கண்டோம். ஜார்க்கண்டிலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். முந்தைய இரவு நள்ளிரவுத் திருப்பலியில் பின்வரிசையில் நின்றவர்கள். விடுமுறையாதலால் வழக்கமாக உண்ணும் மெஸ் மூடியிருக்க, திண்ணையில் அமர்ந்து தேநீரில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தனர். நம்மைக் கண்டதும் எழுந்து, "ஜெய் யேசு, ஃபாதர்" என்று கைகூப்பினர். நாமும் "ஜெய் யேசு" என்று சொல்லிக் கடந்துபோனோம். விடுதியில் இடமில்லை என்னும் நற்செய்திப் பகுதியை விளக்கி மறையுரையாற்றி ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஆகவே பனிக்காட்டை எடுத்தெறியுங்கள் என்று அக்குடும்பத்தாருக்குச் சொல்ல நமக்குத் தகுதியில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை. 1982ஆம் ஆண்டு தூய பேதுரு சதுக்கத்தில் குடிலோடு மரத்தையும் நிறுத்தச் செய்தவர் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல். அவர் பிறந்த போலந்து நாட்டில் ஓர் அரிய வழக்கம் உண்டு. கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில், மேசையின் வெள்ளை விரிப்பின் அடியில் சிறிது வைக்கோலைப் பரப்புவர்; எதிர்பாராமல் வரும் விருந்தினருக்காக ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பர். மேசையையே தீவனத் தொட்டியாகவும், இடம் கொடுக்கும் விடுதியாகவும் ஆக்கும் அலங்காரம் இது.

நம் கொங்கு நாட்டில் மாட்டுக்கு இடுவது சோளத்தட்டு. இவ்வாண்டு விரிப்பின் அடியில் அதில் ஒரு பிடி வைப்போம். பஞ்சும் சவுக்கும் மானும் மேலே இருக்கட்டும். கூடுதலாக ஒரு தட்டு வைப்போம். அது வெறுமனே இருந்துவிடாதபடி, நம் தெருவில் தனித்து உண்பவரை முன்னதாகவே அழைப்போம். இடையர்களுக்கு வானதூதர் சொன்ன அடையாளம் துணியும் தீவனத் தொட்டியும் என்பதை எண்ணிப் பாருங்கள். துணி நெய்து தைக்கும் ஊர் நம் ஊர். தொட்டியில் உணவு நிரப்பும் கடமையும் நம்முடையதே.

அச்சிறுமிக்கு நாம் தரும் விடை இதுதான்: மகளே, இந்தக் காடு பெத்லகேமிலிருந்து வரவில்லை. ஆனால் உன் மேசையில் ஒருவருக்கு இடம் கொடுத்தால், பெத்லகேம் இங்கே வந்துவிடும். இவ்வாண்டு அந்த மூன்று இளைஞர்களையும் நம் பங்கு இல்லத்துக்கு உணவருந்த அழைத்துள்ளோம். நீயும் உன் பெற்றோரோடு வா. மேசையை நீயே அலங்கரி.