பல்லின் வேரும் காட்டு மரத்தின் பாலும்



பல் வலித்தால் பிடுங்கிவிடு என்பதுதான் தோட்டத்தில் நாம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த வைத்தியம். கிராம்பை வைத்துக் கடித்து, உப்பு நீரால் கொப்பளித்து, இரண்டு இரவு தூங்காமல் கிடந்து, மூன்றாம் நாள் டவுனுக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவோம். பிடுங்காமலேயே அந்தப் பல்லைக் காக்கும் வழி நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்து வருகிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக் குழாயும் அழுகிவிட்டால், அவற்றை எடுத்துச் சுத்தம் செய்து, வேருக்குள் ஓடும் சிறு குழாயை அடைத்துவிடுவார்கள். எதைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் மருத்துவர்கள் மாறி மாறி முயன்றிருக்கிறார்கள். அந்த வரலாற்றில் நம் காட்டு மரம் ஒன்றுக்கும் பெரும் பங்குண்டு.

அதன் பாலுக்குக் கெத்தா பெர்ச்சா என்று பெயர். நாம் வெட்டும் பால்மரம் வேறு, இது வேறு. பால்மரத்தின் நாற்றுகள் 1877-இல்தான் சிங்கப்பூருக்கு வந்தன. கெத்தா மரமோ இந்த மண்ணுக்கே உரியது. இதன் பால் ரப்பரைப் போல் இழுபடாது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் இதைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்வார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843-இல் இதை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிறகு கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட இதையே நாடினார்கள். வெட்டிய இடத்திலேயே இதன் பால் உறைந்துவிடும். மங்கு கட்டி வடிக்க முடியாது. அதனால் மரத்தையே சாய்த்தார்கள். எத்தனை காடுகள் அழிந்தன!

அமெரிக்கப் பல் மருத்துவர் பௌமன் 1867-இல் இதைப் பல்லின் வேருக்குள் அடைத்தார். ஆனால் ஒரு குறை: கெத்தா பல்லின் சுவரோடு ஒட்டாது. செங்கல்லை அடுக்கினாலும் இடையில் சாந்து வேண்டுமல்லவா? அப்படித்தான் வேர்ச் சிமெண்டுகள் வந்தன.

முதலில் பரவலாக வழங்கியது, துத்தநாக ஆக்சைடு தூளைக் கிராம்பு எண்ணெயின் சத்தோடு குழைத்த சாந்து. நம் பாட்டிமார் வைத்த கிராம்பேதான்! இது கிருமியை அடக்கும், விலையும் குறைவு. ஆனால் ஈரத்தில் நாளடைவில் கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும். தொடக்க காலக் கலவைகளில் வெள்ளித் தூளும் இருந்ததால் பல் கறுத்தது. கிராஸ்மன் என்பவர் 1958-இல் வெள்ளி இல்லாத கலவையைத் தந்தார்.

1950களில் சுவிட்சர்லாந்தின் ஷ்ரோடர் எப்பாக்சிப் பிசினைக் கொண்டுவந்தார். இது நன்றாக ஒட்டும், கரைவது மிகக் குறைவு. இன்றும் மற்றச் சிமெண்டுகளை இதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். ஆனால் சுற்றியுள்ள எலும்பு ஆற இது எந்த உதவியும் செய்யாது. கால்சியம் ஹைடிராக்சைடு கலந்த சிமெண்டுகளோ இதற்கு நேர்மாறு: புண் ஆறத் துணை செய்யும், ஆனால் கரைந்துபோகும்.

இனி வருவது நமக்கு வியப்பாக இருக்கும். வீடு கட்டும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதே இனத்தைச் சேர்ந்த தூய சிமெண்டை, கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபிநெஜாத் 1993-இல் பல் வேருக்குக் கொண்டுவந்தார். எம்.டி.ஏ. என்பது அதன் பெயர். மற்றச் சாந்துகளுக்கு ஈரம் பகை. இதற்கோ ஈரம் வேண்டும். இரத்தம் கசியும் இடத்திலும் இறுகும். வேரின் அடியில் ஓட்டை விழுந்த பல்லைக்கூடக் காப்பாற்றும். இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆவதும், பல்லின் நிறத்தை மாற்றுவதும், விலை மிகுதியும் இதன் குறைகள். (கடையில் விற்கும் சிமெண்டைப் பல்லில் வைக்க எவரும் முயல வேண்டாம், அதில் ஆர்செனிக் போன்ற நச்சுகள் இருக்கலாம்.)

எது சிறந்தது? கரையாமல் நிற்க வேண்டுமானால் எப்பாக்சிப் பிசின். ஈரமான, ஓட்டை விழுந்த இடமானால் எம்.டி.ஏ. என்பது நம் கருத்து. வேரை ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் இரண்டுமே வீண்.

இன்றும் வேருக்குள் வைக்கும் மெல்லிய குச்சிக்குக் கெத்தா பெர்ச்சா என்றே பெயர். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மரத்தின் பால். மீதியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.