இருண்ட சந்தில் ஏழு கருணைகள்

நேப்பிள்ஸ் நகருக்கு நல்ல பெயர் இல்லை. தென் இத்தாலியின் அந்தத் துறைமுகப் பட்டினத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் அதன் அழுக்கையும் முடிச்சுமாறிகளையும் சொல்வார்கள்; பிறகுதான் கலைச் செல்வங்களுக்கு வருவார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்குச் சான்றாக அங்கே ஓர் ஓவியம் இருக்கிறது, நேயர்களே.

அதற்கு முன் அந்நகரின் தேசிய தொல்பொருள் நூதனசாலையைச் சற்று நினைத்துக்கொள்வோம். கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை பொம்பெய் நகரைச் சாம்பலால் மூடியது. அங்கு அகழ்ந்தெடுத்தவற்றுள் மிகச் சிறந்தவை இந்த நூதனசாலையைச் சேர்ந்தன. அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தாரியசும் பொருதும் காட்சியைப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான சிறு கற்களால் பதித்த தளம் ஒன்று, 1831 இல் பொம்பெய் வீடொன்றில் வெளிப்பட்டது. 1843 இல் அதைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டார் மிதித்து நடந்த நிலம் நூதனசாலைச் சுவரில் ஏறிற்று. கலை பிழைத்தது, வீடு தனித்துப் போயிற்று.

இனிப் பழைய நகருக்குள் போவோம். கிரேக்கர் வகுத்த பெருந்தெருவின் தடத்திலேயே இன்றும் ஓடுகிறது 'வியா தெய் திரிபுனாலி' என்னும் ஒடுங்கிய தெரு. நாம் தேடும் ஓவியம் அங்கேதான் இருக்கிறது.

1602 இல் இந்நகரின் பிரபுக் குடும்பத்து இளைஞர் எழுவர், நோயாளருக்கும் ஏழைகளுக்கும் உதவ 'பியோ மொந்தே' என்ற தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினர். தங்கள் ஆலயத்துக்கு ஓர் ஓவியம் வேண்டுமென அவர்கள் நாடியது யாரை? ஒரு கொலையாளியை! கரவாஜோ 1606 மே மாதம் ரோமாபுரியில், ஒரு சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியவர். போப்பரசரின் அதிகாரம் எட்டாத, ஸ்பானிய ஆட்சியிலிருந்த நேப்பிள்ஸ் அவருக்குப் புகலிடமாயிற்று. 1607 ஜனவரியில் 400 தூகத் பணம் பெற்றுக்கொண்டு ஓவியத்தை ஒப்படைத்தார்.

பசித்தவருக்கு உணவு, தாகத்துக்கு நீர், ஆடையற்றவருக்கு ஆடை, வழிப்போக்கருக்கு இடம், நோயாளரையும் சிறையிலுள்ளோரையும் சந்தித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் என்பன கிறிஸ்தவ மரபு கூறும் ஏழு இரக்கச் செயல்கள். கரவாஜோ இவ்வேழையும் ஒரே இருண்ட சந்தில் நெருக்கி வைத்தார். ஒரு பிணத்தின் பாதங்கள் மட்டும் தெரிகின்றன. பின்னே பந்தம் பிடித்த குருவானவர். அருகே, சிறைக் கம்பிகளுக்கூடாகத் தலை நீட்டும் கிழத் தந்தைக்கு மகள் முலையூட்டிப் பசி தீர்க்கிறாள். பழைய ரோமானியக் கதை அது. அவர் தாடியில் ஒரு துளி பால். மேலே தேவதூதரோடு மாதாவும் குழந்தையும் எட்டிப் பார்க்கிறார்கள். கீழே நிற்பவர்களில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவரவர்க்கு அவரவர் வேலை.

கரவாஜோ இதே நகரில் தீட்டிய 'கசையடி' ஓவியம் பிற்காலத்தில் ஆலயத்தை விட்டுக் கப்போதிமொந்தே அரண்மனை நூதனசாலைக்குப் போய்விட்டது. இது போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆலயத்தைப் புதுப்பித்துக் கட்டினார்கள்; ஓவியம் அதன் பெரிய பீடத்துக்கு வந்தது. ஸ்தாபனமும் தன் தர்மப் பணியை இன்றுவரை கைவிடவில்லை.

மன்னிப்புத் தேடி அலைந்த கரவாஜோ 1610 இல், ரோமாபுரிக்குத் திரும்பும் வழியில் இறந்தார். அவர் தீட்டிய சந்தோ ஆலய வாசலுக்கு வெளியே இன்னும் இரைச்சலோடு கிடக்கிறது. ஓவியத்தைப் பார்த்துவிட்டு வருபவர் அதற்குள்ளேதான் இறங்கி நடக்கவேண்டும்.